முதல் பத்து மணி: புதிதாகச் செபமாலை சொல்ல வருகிறவர்களுக்கு

எங்கள் கோயில் பங்கில் அக்டோபர் பிறந்துவிட்டால் ஒவ்வொரு சாயங்காலமும் ஒரு வீடு. அன்பியத்துக்காரர்கள் (அக்கம்பக்கத்துக் கத்தோலிக்கக் குடும்பங்களின் குழு) மாதா சுரூபத்தைத் தூக்கிக்கொண்டு வருவார்கள். பாய் விரித்து, மெழுகுதிரி ஏற்றியதும் 53 மணி செபம், அதாவது செபமாலை, தொடங்கிவிடும். வாசலுக்குப் பக்கத்தில், கடைசி வரிசையில், வாயை மட்டும் அசைத்துக்கொண்டு யாராவது ஒருவர் எப்போதும் உட்கார்ந்திருப்பார். கல்யாணமாகி வந்த மருமகளாக இருக்கும். ஈஸ்டர் இரவு வழிபாடான பாஸ்கா திருவிழிப்பில் திருமுழுக்குப் பெறத் தயாராகிறவராக இருக்கும். இருபது வருஷம் கோயில் பக்கமே எட்டிப் பார்க்காமல் இப்போது திரும்பி வந்தவராகவும் இருக்கும். மற்றவர்கள் மூச்சுவிடாமல் சொல்லிக்கொண்டு போக, எந்த மணியில் இருக்கிறோம் என்றே தெரியாமல் அவர் திணறிக்கொண்டிருப்பார். கேட்கவும் கூச்சம்.

அவர்களுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து சொல்வதைத்தான் இங்கே எழுதுகிறேன். போனில் செபமாலைச் செயலிகள் நிறைய உண்டு. ஆனால் அவற்றில் பல வேறு நாட்டு முறையைச் சொல்லித்தரும். நம் வீடுகளில் தொடக்கமும் முடிவும் வேறு மாதிரி இருக்கும். செயலியைப் பார்த்துப் பழகிவிட்டு அன்பியத்துக்கு வந்தால் மூன்றாவது நிமிடத்திலேயே வழி தவறிவிடும்.

மாலையை வாங்கும்போது

விலை உயர்ந்தது வேண்டாம். கோயில் கடையில் கிடைக்கும் பிளாஸ்டிக் மணி மாலையே போதும். கம்பியில் கோத்தது அழகாக இருக்கும், ஆனால் சட்டைப் பையில் போட்டால் சிக்கிக்கொண்டு அறுந்துவிடும். நூலில் முடிச்சுப் போட்டுக் கோத்த மாலை வருஷக்கணக்கில் வரும். வேளாங்கண்ணிக்குப் போகிறவர்களிடம் சொல்லிவிட்டால் அங்கிருந்து ஒன்று வாங்கி வருவார்கள். யாத்திரை போய்வந்தவர் கையால் கிடைப்பதில் ஒரு தனிச் சந்தோஷம். பூசை முடிந்ததும் சாமியாரிடம் (பங்குக் குருவிடம்) நீட்டி, "மந்திரிச்சுக் கொடுங்க சாமி" என்று கேளுங்கள். ஆசீர்வதித்துத் தருவதை நம் பெரியவர்கள் இன்னும் அப்படித்தான் சொல்கிறார்கள். மந்திரம் ஓதுகிறார் என்று பயந்துவிடாதீர்கள், செபம் சொல்லிப் புனித நீர் தெளிப்பார், அவ்வளவுதான்.

இனி மணிகளை எண்ணிப் பாருங்கள். சிறியவை 53, பெரியவை 6, ஆக 59. சிறிய மணிக்கு 'அருள் நிறைந்த மரியே வாழ்க', பெரிய மணிக்கு 'விண்ணுலகில் இருக்கிற எங்கள் தந்தையே'. 53 மணி செபம் என்ற பெயர் இதிலிருந்துதான் வந்தது. சிலுவையிலிருந்து தொங்கும் சிறு துண்டில் ஒரு பெரிய மணி, மூன்று சிறிய மணி, மறுபடி ஒரு பெரிய மணி. அதற்கு மேல் பதக்கம். அங்கிருந்து வட்டமாகப் பத்துப் பத்தாக ஐந்து தொகுதிகள்.

பழைய ஆட்கள் 153 மணி என்றும் பேசுவார்கள். மகிழ்ச்சி, துயரம், மகிமை என்று பின்னால் சொல்லப்போகும் மூன்று சுற்றையும் சேர்த்தால் 150. தொடக்கத்தின் மூன்றும் சேர்ந்தால் 153. இந்த 150க்குப் பின்னால் ஒரு கதை உண்டு. துறவிகள் மடத்தில் விவிலியத்தின் 150 திருப்பாடல்களையும் முறை வைத்துப் பாடினார்கள். எழுத்தறியாத குடியானவருக்கு அது முடியாது. ஆகவே திருப்பாடலுக்குப் பதிலாகத் தெரிந்த செபத்தையே 150 தடவை சொல்லி, எண்ணிக்கைக்கு முடிச்சும் மணியும் வைத்துக்கொண்டார்கள். படிக்கத் தெரியாதவர்களின் திருப்பாடல் புத்தகம் என்று மாலையைச் சொல்வது இதனால்தான். மாதா புனித தோமினிக்கிடம் மாலையைக் கொடுப்பதுபோல் பல கோயில்களில் படம் பார்த்திருப்பீர்கள். அது மரபுவழிக் கதை. வரலாற்று ஆய்வாளர்கள் செபமாலை பல நூற்றாண்டுகளில் மெல்ல மெல்ல உருவானது என்கிறார்கள்.

முதல் வாரம்: ஒரே ஒரு பத்து

முதல் நாளிலேயே 53 மணியையும் முடித்துவிட வேண்டும் என்று இறங்காதீர்கள். மூன்றாம் நாள் விட்டுவிடுவீர்கள், நான் பார்த்திருக்கிறேன். ஒரு வாரத்துக்கு ஒரு பத்து மட்டும் போதும். ஒரு கர்த்தர் கற்பித்த செபம் (அதுதான் 'விண்ணுலகில் இருக்கிற எங்கள் தந்தையே'), பத்து அருள் நிறைந்த மரியே, ஒரு திரித்துவப் புகழ் ('தந்தைக்கும் மகனுக்கும் தூய ஆவியாருக்கும் மாட்சிமை உண்டாவதாக'). நிதானமாகச் சொன்னாலும் நாலைந்து நிமிடத்துக்கு மேல் ஆகாது. அரிசி உலையில் கொதிக்கும் நேரம்.

பத்துத் தடவை வரும் செபத்தைச் சரியாக எழுதிவைத்துக்கொள்ளுங்கள்:

அருள் நிறைந்த மரியே வாழ்க! ஆண்டவர் உம்முடனே. பெண்களுக்குள் ஆசி பெற்றவர் நீரே. உம்முடைய திருவயிற்றின் கனியாகிய இயேசுவும் ஆசி பெற்றவரே. தூய மரியே, இறைவனின் தாயே, பாவிகளாகிய எங்களுக்காக இப்பொழுதும் எங்கள் இறப்பின் வேளையிலும் வேண்டிக்கொள்ளும். ஆமென்.

மரியா, இயேசு என்ற பெயர்களைத் தவிர, இதில் முதல் பாதி லூக்கா நற்செய்தியின் முதல் அதிகாரத்தில் இருக்கிறது. 28ஆம் வசனம் வானதூதர் சொன்னது, 42ஆம் வசனம் எலிசபெத்து சொன்னது. 'தூய மரியே' என்று தொடங்கும் இரண்டாம் பாதி திருச்சபை பின்னால் சேர்த்த மன்றாட்டு. 1568இல் திருத்தந்தை (போப்) ஐந்தாம் பயஸ் வெளியிட்ட, குருக்கள் நாள்தோறும் சொல்லும் உரோமைத் திருப்புகழ்மாலைப் புத்தகத்தில்தான் அது இன்றைய வடிவில் நிலைபெற்றது.

வீட்டில் பெரியவர்கள் இருந்தால் ஒரு குழப்பம் வரும். நீங்கள் 'ஆசி பெற்றவர்' என்பீர்கள், அவர்கள் 'ஆசீர்வதிக்கப்பட்டவள்' என்பார்கள். நீங்கள் 'தூய மரியே, இறைவனின் தாயே' என்கிற இடத்தில் அவர்கள் 'அர்ச்சியசிஷ்ட மரியாயே, சர்வேசுரனுடைய மாதாவே' என்பார்கள். என் பாட்டி இன்னும் பழைய ஆள். அவர் வாயில் 'பிரியதத்தத்தினாலே பூரண மரியாயே' என்று வரும். எல்லாம் ஒரே செபம்தான். பாட்டியைத் திருத்தப் போகாதீர்கள். அவர்கள் முதல் பாதியைப் பழைய தமிழில் சொல்லட்டும், நீங்கள் இரண்டாம் பாதியைப் புதுத் தமிழில் சொல்லுங்கள்.

முழுச் செபமாலை: நம் வீட்டு முறை

சிலுவையைக் கையில் பிடித்துச் சிலுவை அடையாளம் வரைந்து, விசுவாச அறிக்கை சொல்லித் தொடங்க வேண்டும். 'விண்ணகத்தையும் மண்ணகத்தையும் படைத்த எல்லாம் வல்ல தந்தையாகிய கடவுளை நம்புகிறேன்' என்று வரும் அந்த நீளமான செபம்தான். மனப்பாடம் ஆகும்வரை புத்தகத்தைப் பார்த்தே சொல்லலாம், ஒரு குற்றமும் இல்லை.

இதைத் தமிழில் முதன்முதல் சொல்லிக்கொடுக்கப் பட்ட பாட்டை நினைத்தால் நம் தடுமாற்றம் ஒன்றுமே இல்லை. 1542இல் முத்துக்குளித்துறைக்கு வந்த புனித பிரான்சிஸ் சவேரியாருக்குத் தமிழ் தெரியாது. இரண்டு மொழியும் அறிந்த சிலரை வைத்துக்கொண்டு விசுவாச அறிக்கை, கர்த்தர் கற்பித்த செபம், மங்கள வார்த்தை (அருள் நிறைந்த மரியே செபத்தின் பழைய பெயர்), கட்டளைகள் ஆகியவற்றை மொழிபெயர்த்து மனப்பாடம் செய்தார். கையில் மணியை ஆட்டிக்கொண்டு தெருத்தெருவாகப் போய்ப் பிள்ளைகளைக் கூட்டிச் சொல்லிக்கொடுத்தார். பிற்பாடுதான் ஒரு பிழை தெரியவந்தது. 'விசுவசிக்கிறேன்' என்று வரவேண்டிய இடத்தில் 'எனக்கு வேணும்' என்று சொல்லிக்கொடுத்திருந்தார்கள்! 1544இல் தம் உடன்பணியாளர் மன்சிலாஸுக்கு எழுதிய கடிதத்தில் அதை மாற்றச் சொன்னார். எத்தனை ஊர்ப் பிள்ளைகள் அதுவரை 'கடவுள் எனக்கு வேணும்' என்று அறிக்கையிட்டார்களோ! கேட்க அதுவும் நன்றாகத்தான் இருக்கிறது.

அடுத்து முதல் பெரிய மணி, கர்த்தர் கற்பித்த செபம். அதற்கடுத்த மூன்று சிறிய மணிகளில்தான் புதியவர்கள் வழி தவறுவார்கள். நம் தமிழ் முறையில் அவற்றை வெறுமனே சொல்வதில்லை. ஒவ்வொன்றுக்கும் முன்னால் ஒரு வரி உண்டு. முதலாவதில் மரியாவைத் தந்தையாகிய கடவுளின் மகள் என்று அழைத்து, எங்களிடம் நம்பிக்கை என்னும் புண்ணியம் உண்டாக உம் திருமகனை மன்றாடும் என்று கேட்கிறோம். இரண்டாவதில் மகனாகிய கடவுளின் தாய் என்று அழைத்து எதிர்நோக்கைக் கேட்கிறோம். மூன்றாவதில் தூய ஆவியாரின் மணமகள் என்று அழைத்து அன்பைக் கேட்கிறோம். பங்குக்குப் பங்கு சொற்கள் கொஞ்சம் மாறும், கேட்பது இந்த மூன்றும்தான். செயலியில் இந்த வரிகள் பெரும்பாலும் இருக்காது. அன்பியத்தில் முன்னால் சொல்கிறவர் அந்த வரியைச் சொல்லி முடித்து 'அருள் நிறைந்த மரியே' என்று தொடங்குவார். நீங்கள் 'தூய மரியே' என்று சேர்ந்துகொண்டால் போதும். மூன்றும் முடிந்ததும் 'தந்தைக்கும் மகனுக்கும் தூய ஆவியாருக்கும் மாட்சிமை உண்டாவதாக' என்ற திரித்துவப் புகழ்.

இனி ஐந்து பத்துகள். ஒவ்வொன்றின் தொடக்கத்திலும் அன்றைய மறையுண்மையை, அதாவது இயேசு, மரியா வாழ்வில் நாம் தியானிக்கும் ஒரு நிகழ்ச்சியை, அறிவிக்க வேண்டும். பெரியவர்கள் 'தேவ இரகசியம்' என்பார்கள். பெரிய மணியில் கர்த்தர் கற்பித்த செபம், பத்துச் சிறிய மணிகள், பிறகு மணியில்லாத இடைவெளியில் திரித்துவப் புகழ். அதன்பின் ஒரு சிறிய மன்றாட்டு வரும்: 'ஓ என் இயேசுவே, எங்கள் பாவங்களை மன்னியும். எங்களை நரக நெருப்பிலிருந்து மீட்டருளும். எல்லாரையும் விண்ணகப் பாதையில் நடத்தியருளும். உமது இரக்கம் யாருக்கு அதிகம் தேவையோ அவர்களுக்குச் சிறப்பாக உதவி புரியும்.' போர்த்துக்கலின் பாத்திமாவில் 1917இல் மாதாவைக் கண்ட லூசியா, பிரான்சிஸ்கு, யசிந்தா ஆகிய மூன்று பிள்ளைகள் வழியாக வந்தது இது. ஆடு மேய்த்த பிள்ளைகள். மூத்தவளான லூசியாவுக்கு அப்போது பத்து வயது.

ஐந்து பத்தும் முடிந்த பிறகும் யாரும் எழுந்திருக்க மாட்டார்கள். மிக்கேல், கபிரியேல், இரபேல் ஆகிய அதிதூதர்களையும் இராயப்பர், சின்னப்பர், அருளப்பர் ஆகிய அப்போஸ்தலர்களையும் கூப்பிட்டு, நாங்கள் வேண்டிக்கொண்ட இந்த ஐம்பத்து மூன்று மணி செபத்தையும் உங்கள் புகழ்ச்சியோடு சேர்த்து மாதாவின் திருப்பாதத்தில் காணிக்கையாக வையுங்கள் என்று ஒரு செபம் வரும். இந்த இராயப்பர் யார், சின்னப்பர் யார் என்று ஒரு புது மருமகள் என்னிடம் கேட்டாள், கணவர் வீட்டு முன்னோர்களாக இருக்குமோ என்று நினைத்தாளாம். இராயப்பர் பேதுரு, சின்னப்பர் பவுல், அருளப்பர் யோவான். நம் ஊர்ப் பழைய பெயர்கள்.

அதற்குப் பின் மாதா பிரார்த்தனை. ஒருவர் மாதாவின் ஒவ்வொரு பெயராகச் சொல்ல, மற்றவர்கள் 'எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்' என்பார்கள். இத்தாலியின் லொரேட்டோ நகரத் திருத்தலத்தோடு இணைந்து வளர்ந்த இந்தப் பிரார்த்தனையைத் திருத்தந்தை ஐந்தாம் சிக்ஸ்துஸ் 1587இல் ஏற்றுக்கொண்டார். 2020இல் திருத்தந்தை பிரான்சிஸ் மூன்று பெயர்களைச் சேர்த்தார். இரக்கத்தின் அன்னை, எதிர்நோக்கின் அன்னை, புலம்பெயர்ந்தோரின் ஆறுதல். உங்கள் கையிலிருப்பது பழைய செபப் புத்தகம் என்றால் இவை இருக்காது. கடைசியில் கிருபை தயாபத்து மந்திரம், மாதாவை அரசி என்று வாழ்த்தும் பழைய செபம். மொத்தம் அரை மணி நேரம் ஆகும். தனியாக, பிரார்த்தனை இல்லாமல் சொன்னால் இருபது நிமிடம்.

எந்த நாளுக்கு எது

திங்களும் சனியும் மகிழ்ச்சி மறையுண்மைகள்: கபிரியேல் தூதுரைத்தது, மரியா எலிசபெத்தைச் சந்தித்தது, இயேசு பிறந்தது, கோவிலில் காணிக்கையாக ஒப்புக்கொடுக்கப்பட்டது, காணாமற்போனவரைக் கண்டடைந்தது. செவ்வாயும் வெள்ளியும் துயரம்: கெத்சமனி, கற்றூணில் அடிபட்டது, முள்முடி, சிலுவை சுமந்தது, சிலுவையில் இறந்தது. புதனும் ஞாயிறும் மகிமை: உயிர்ப்பு, விண்ணேற்றம், தூய ஆவியாரின் வருகை, மரியாவின் விண்ணேற்பு, மரியா விண்ணக அரசியாக முடிசூட்டப்பட்டது.

வியாழன் ஒளியின் மறையுண்மைகள்: யோர்தானில் திருமுழுக்கு, கானா ஊர்க் கல்யாணம், இறையாட்சியை அறிவித்தது, மலையில் உருமாறியது, நற்கருணையை ஏற்படுத்தியது. இவை புதியவை. 2002 அக்டோபர் 16 அன்று திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் ஒரு திருத்தூது மடலில் இவற்றை முன்வைத்தார். அதுவரை பன்னிரண்டு வயதுச் சிறுவனைக் கோவிலில் கண்டுபிடித்த கையோடு நேராகக் கெத்சமனிக்குத் தாவிவிடுவோம். நடுவில் அவர் ஊர் ஊராக நடந்து போதித்த காலம் மாலையில் இல்லாமல் இருந்தது. எங்கள் அன்பியத்தில் ஒரு தாத்தா இன்னும் வியாழக்கிழமையில் மகிழ்ச்சிதான் சொல்வார், பழைய வழக்கம். அப்படிச் சொல்வது பாவமில்லை. இந்த நாள் பங்கீடு ஒரு பரிந்துரைதான்.

வாய் சொல்ல, மனம் பார்க்க

மேலே சொன்னதெல்லாம் ஒரு மாதத்தில் கைவந்துவிடும். பலர் அதோடு நின்றுவிடுகிறார்கள், பிறகு சலித்துப் போகிறது என்கிறார்கள். சலிக்கத்தான் செய்யும். தியானம் இல்லாத செபமாலை உயிரில்லாத உடல் என்று திருத்தந்தை ஆறாம் பவுல் 1974இல் எழுதினார். அந்த உயிர் எங்கே என்றால், பத்துத் தடவை ஒரே சொற்களை வாய் சொல்லிக்கொண்டிருக்கும்போது மனம் ஒரு காட்சிக்கு முன்னால் நிற்பதில் இருக்கிறது. சொற்கள் தாலாட்டு மாதிரி. தாலாட்டுகிற அம்மா பாட்டின் சொற்களை எண்ணிக்கொண்டிருப்பதில்லை, பிள்ளையின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள்.

எப்படிப் பார்ப்பது? இரண்டாம் மகிழ்ச்சி மறையுண்மையை எடுத்துக்கொள்வோம். மறையுண்மையை அறிவித்தவுடன் அடுத்த செபத்துக்கு ஓடாமல் லூக்கா 1:39 முதல் சில வசனங்களை வாசியுங்கள். மரியா யூதேய மலைநாட்டுக்கு 'விரைந்து' போனார் என்று இருக்கிறது. மூன்று மாதம் தங்கினார் என்று 56ஆம் வசனத்தில் இருக்கிறது. இரண்டு மூச்சு அமைதியாக இருங்கள். பிறகு மணியைத் தொடங்குங்கள். முதல் இரண்டு மணியில் அந்த மலைப்பாதை. அடுத்த இரண்டில் வாசலில் நிற்கும் எலிசபெத்து, வயதான காலத்தில் ஆறு மாத வயிறு. அடுத்து அந்த மூன்று மாதத்தில் யார் தண்ணீர் எடுத்திருப்பார், யார் மாவு அரைத்திருப்பார் என்று பாருங்கள். ஏழாவது எட்டாவது மணியில் உங்கள் தெருவில் பிரசவத்துக்கு நாள் எண்ணிக்கொண்டிருக்கும் ஒரு பெண்ணின் முகம் வந்து நிற்கும். வரட்டும். அவளுக்காக மீதி மணிகளைச் சொல்லுங்கள்.

என் மகளுக்குப் பிரசவ வலி எடுத்த ராத்திரி ஆஸ்பத்திரி வராந்தாவில் எனக்கு 53 மணியும் ஓடவில்லை. வாய் உலர்ந்துவிட்டது. இந்த ஒரு பத்தையே திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். புதிதாக யோசித்துச் செபிக்க முடியாத நேரத்தில், கை தானாகவே அடுத்த மணிக்குப் போனது. செபமாலைக்கு என்ன மதிப்பு என்று யாராவது கேட்டால் எனக்கு அந்த வராந்தாதான் ஞாபகம் வரும். இருபது வருஷம் நல்ல நாளில் சொன்னதெல்லாம் அந்த ஒரு கெட்ட ராத்திரிக்குச் சேமித்துவைத்தது போல இருந்தது.

மனம் அலைபாய்கிறது என்றால் இன்னொரு வழி உண்டு, தனியாகச் சொல்லும்போது மட்டும். இயேசுவின் பெயருக்குப் பக்கத்தில் மறையுண்மையை நினைவூட்டும் ஒரு சொற்றொடரைச் சேர்ப்பது. சில நாடுகளில் பழைய வழக்கம், இரண்டாம் யோவான் பவுலும் அந்த மடலில் அதைப் பாராட்டுகிறார். அவர்கள் மொழியில் பெயருக்குப் பின்னால் சேர்ப்பார்கள். தமிழில் முன்னால் வைத்தால்தான் ஓசை இடறாது: 'உம்முடைய திருவயிற்றின் கனியாகிய, எங்களுக்காக முள்முடி சூடிய இயேசுவும் ஆசி பெற்றவரே.' பத்து மணிக்கும் வேண்டாம், மனம் நழுவும்போது ஒன்றிரண்டில் போதும். கூட்டத்தில் இதைச் செய்தால் எல்லாரும் தடுமாறிப்போவார்கள்.

தூக்கம் வந்தால்? நடந்துகொண்டே சொல்லுங்கள். மாடியில், கடற்கரையில், பேருந்தில். இடையில் விட்டுப்போனால் விட்ட இடத்திலிருந்து தொடருங்கள். முதலிலிருந்து தொடங்க வேண்டியதில்லை. எண்ணிக்கை பத்துக்குப் பதிலாகப் பதினொன்று ஆகிவிட்டது என்று வருந்துகிறவர்களைப் பார்த்தால் எனக்குச் சிரிப்பு வரும். மாதா கணக்குப்பிள்ளை அல்ல.

கூட்டத்தில் சொல்லும்போது

முன்னால் சொல்கிறவர் முதல் பாதி, மற்றவர்கள் இரண்டாம் பாதி. முதல் பாதி முழுதும் முடியும்வரை காத்திருங்கள். 'இயேசுவும்' என்ற உடனேயே 'தூய மரியே' என்று பாய்கிற ஊர்கள் உண்டு, கடைசி பஸ்ஸைப் பிடிக்கப் போவது போல. அதில் இயேசுவின் பெயர் அமுங்கிப்போகிறது. முழுச் செபத்துக்கும் நடுநாயகம் அந்தப் பெயர்தான். ஒவ்வொரு பத்தையும் வீட்டில் ஒருவர் முன்னின்று சொல்வது நல்ல வழக்கம். பிள்ளைக்கும் ஒரு பத்துக் கொடுங்கள். சின்னப் பிள்ளை எட்டில் நிறுத்திவிட்டால் எட்டோடு விடுங்கள்.

துக்க வீட்டில் பயப்படாமல் போய் உட்காருங்கள். அங்கே என்ன பேசுவது என்று யாருக்கும் தெரியாது. செபமாலை அந்தக் கஷ்டத்தைத் தீர்த்துவைக்கிறது. 'எங்கள் இறப்பின் வேளையிலும் வேண்டிக்கொள்ளும்' என்று வருஷக்கணக்கில் சொன்னவர் முன்னால் கிடத்தப்பட்டிருக்க, அதே வரியை ஊரே சேர்ந்து சொல்லும்.

பூசை நடக்கும்போது மட்டும் மாலையை உருட்ட வேண்டாம். திருப்பலி பெரியது, அதில் முழுதாகப் பங்கெடுங்கள்; செபமாலையை அதற்கு முன்னோ பின்னோ வைத்துக்கொள்ளலாம். கோயிலிலோ குடும்பமாகவோ ஐந்து பத்தையும் தொடர்ச்சியாகத் தியானித்துச் சொல்கிறவர்கள், பாவசங்கீர்த்தனம், நற்கருணை, திருத்தந்தையின் கருத்துகளுக்காகச் செபம் ஆகிய வழக்கமான நிபந்தனைகளோடு பரிபூரண பலன் (பாவங்களுக்குரிய தற்காலிகத் தண்டனையிலிருந்து முழு விடுதலை) பெறலாம் என்பது திருச்சபை தரும் சலுகை. விவரத்தைச் சாமியாரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

உறவினர்கள் கேட்கும் கேள்விகள்

"மாதாவையா கும்பிடுகிறீர்கள்?" இது நிச்சயம் வரும். ஆராதனை கடவுளுக்கு மட்டும். மாதாவுக்கு நாம் செலுத்துவது வணக்கம். செபத்தின் வினைச்சொல்லைக் காட்டுங்கள்; 'தாரும்' என்று அவரிடம் நாம் கேட்கவில்லை, 'வேண்டிக்கொள்ளும்' என்றுதான் கேட்கிறோம்.

"சொன்னதையே சொல்லிப் பிதற்றக்கூடாது என்று இயேசு சொன்னாரே?" ஆமாம், மத்தேயு 6:7. வார்த்தை மிகுதியால் கடவுளை மசியவைக்கலாம் என்ற எண்ணத்தைத்தான் அவர் கண்டித்தார். அதே மத்தேயு 26:44இல் கெத்சமனியில் மூன்றாம் முறையும் அதே வார்த்தைகளைச் சொல்லி அவரே வேண்டினார். 136ஆம் திருப்பாடலின் 26 வசனங்களிலும் 'என்றும் உள்ளது அவரது பேரன்பு' என்று ஒரே வரி திரும்பத் திரும்ப வருகிறது.

ஆனால் இந்தக் கேள்வி நம்மில் சிலருக்கும் பொருந்தும் என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். இத்தனை நாள் சொன்னால் விசா வரும், பதினைந்து பேருக்கு அனுப்பினால் நல்ல செய்தி கேட்பாய் என்று வாட்ஸப்பில் வரும் மாலைப் படங்களை அழித்துவிடுங்கள். உள்மனம் இல்லாமல் வெளிச்செயலுக்கே பலன் உண்டு என்று நினைப்பதை மறைக்கல்வி நூலே மூடநம்பிக்கை என்கிறது.

அக்டோபர் ஏன் என்றும் கேட்பார்கள். 1571 அக்டோபர் 7 அன்று லெப்பாந்தோ கடற்போரில் துருக்கியருக்கு எதிராகக் கத்தோலிக்க நாடுகளுக்குக் கிடைத்த வெற்றியைச் செபமாலையின் பலன் என்று ஐந்தாம் பயஸ் கருதியதால் அந்த நாளில் செபமாலை அன்னை விழா. 1883இல் திருத்தந்தை பதின்மூன்றாம் லியோ அக்டோபர் முழுவதும் செபமாலை சொல்ல அழைத்தார். போர் வெற்றிக் கதை எனக்கு அவ்வளவாக ஒட்டுவதில்லை. எனக்கு ஒட்டுவது யாழ்ப்பாணத்துக் கதை. ஒல்லாந்தர் கத்தோலிக்க வழிபாட்டைத் தடைசெய்திருந்த காலம். 1687இல் கோவாவிலிருந்து மாறுவேடத்தில் வந்து இறங்கிய புனித யோசேப் வாஸ் அடிகளாருக்கு, ஊரில் யார் கத்தோலிக்கர் என்று தெரியாது. வாய்விட்டுக் கேட்டால் உயிருக்கே ஆபத்து. கழுத்தில் செபமாலையை மாட்டிக்கொண்டு, பிச்சைக்காரரைப் போல வீடு வீடாகப் போனார். மாலையைப் பார்த்து யார் கண் மாறுகிறது என்று கவனித்தார். அப்படித்தான் ஒளிந்து வாழ்ந்த விசுவாசிகளைக் கண்டுபிடித்தார். அங்குள்ள சில்லாலை ஊர் மக்கள் அவரைத் தங்களோடு வைத்துக் காத்தார்கள். 2015இல் கொழும்பில் அவருக்குப் புனிதர் பட்டம் கிடைத்தது. கழுத்தில் மாலை போடலாமா என்று கேட்கிற இளைஞர்களுக்கு இந்தக் கதையைத்தான் சொல்வேன். போடுங்கள், ஆனால் சொல்லவும் சொல்லுங்கள்.

மாலை அறுந்தால்

அறுந்தால் அபசகுனம் என்று யாராவது சொன்னால் காதில் போட்டுக்கொள்ளாதீர்கள். நூல் தேய்ந்துவிட்டது, அவ்வளவுதான். மணிகள் முழுசாக இருந்தால் தங்கூசி நூல் வாங்கித் திரும்பக் கோத்துவிடலாம். எங்கள் கடற்கரையில் வலை பின்னுகிறவர்கள் ஐந்து நிமிடத்தில் முடிச்சுப் போட்டுக் கொடுப்பார்கள். கோக்கும்போது பத்துப் பத்தாக எண்ணிவைத்துக்கொள்ளுங்கள். என் கணவர் கோத்துத் தந்த மாலையில் மூன்றாவது பத்தில் ஒன்பதுதான் இருக்கிறது. சரிசெய்யவே முடியாத அளவுக்கு உடைந்துபோனால் குப்பையில் போடாமல் மண்ணில் புதைத்துவிடுங்கள், மந்திரித்த பொருள். அதுவரை விரல்கள் இருக்கின்றன, அதிலும் பத்துத்தான்.